கிருஷ்ணகிரிக்கு அப்புறம் மெசேஜ் இல்லை

அன்புள்ள பிரபு கண்ணு,

அம்மா இட்லிப் பொடியும் எள்ளுருண்டையும் பார்சல் கட்டிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பெட்டிக்குள்ளேயே இதையும் வைத்து அனுப்புகிறேன். போனில் கூப்பிட்டால் "மீட்டிங்கில் இருக்கேன், அப்புறம் பேசறேன்பா" என்பாய். எனக்கும் போனில் பேச்சு ஓடாது. இங்கே எல்லோரும் நலம். அக்காவின் சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. பட்டறையில் பெரிய லேத்தைக் கொடுத்துவிட்டேன், சின்னது மட்டும் வைத்திருக்கிறேன். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது.

வண்டி எப்படி இருக்கிறது? ஆயில் பார்க்கிறாயா? அந்த மாதிரி இன்ஜின் வயதாக ஆக ஆயில் குடிக்கும். விளக்கு எரியட்டும் பார்க்கலாம் என்று இருந்துவிடாதே. வாரம் ஒரு நாள் சமமான இடத்தில் நிறுத்தி, டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, திரும்ப விட்டுப் பார். விரட்டிக்கொண்டு வந்த உடனே ஆஃப் செய்யாதே, டர்போ கொதித்துக்கொண்டிருக்கும், ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டால் ஆயில் சுற்றி ஆறும். இதெல்லாம் பொங்கலுக்கே சொன்னேன். திரும்பவும் சொல்கிறேன்.

இன்ஜின் கம்ப்யூட்டரில் கணக்கை மாற்றி பவரைக் கூட்டுகிற ரீமேப் செய்ததும் தெரியும். நீ எனக்குச் சொல்லவில்லை, அக்கா போனில் வீடியோவைக் காட்டினாள். வண்டியை பவர் அளக்கிற டைனோவில் கட்டி ஓட்டுகிறார்கள், 160 குதிரை 208 ஆகிவிட்டது என்று கோடு மேலே ஏறுகிறது, பக்கத்தில் நின்று நீ சிரிக்கிறாய். அந்தச் சிரிப்புக்காக மூன்று தடவை பார்த்தேன். 2003ல் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக் திறந்த வருஷம் உன்னை டி.வி.எஸ். ஃபிஃப்டியில் முன்னால் நிற்க வைத்துக் கூட்டிப்போனேன், ஞாபகம் இருக்கிறதா? உனக்கு ஒன்பது வயது. வேலியைப் பிடித்துக்கொண்டு இப்படித்தான் சிரித்தாய். அடுத்த நாள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, முதுகைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டு, போகிற வண்டியின் சத்தத்தை வைத்தே இது எஸ்டீம், இது பாலியோ, இது வீடெக் சிட்டி என்று சொன்னாய், ஒன்றுகூடத் தப்பவில்லை. நான் பட்டறையில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். கரிவரதன் சார் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை சீட் ரேஸ் வண்டி கட்டிய ஊர் இது, சோழவரம் ரேஸுக்குப் போகிற வண்டிகளுக்கு நான் இரவெல்லாம் புஷ் கடைந்து கொடுத்திருக்கிறேன், அந்தக் காது உனக்கும் வந்துவிட்டதே என்று அவ்வளவு பெருமை.

ஆனால் நீ செய்த வரிசை தப்பு கண்ணு. பழைய வண்டியை வாங்கினால் முதலில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், உனக்கு முன்னால் வைத்திருந்த ரெண்டு பேரும் மாற்றினார்களா என்று யாருக்குத் தெரியும்? சஸ்பென்ஷன் புஷ், இன்ஜின் மவுன்ட், கூலன்ட் ஹோஸ், எல்லாம் ரப்பர், எல்லாம் அந்த வண்டியின் வயது. வால்வ் மேலே கரி பிடித்திருக்கும், ஏனென்றால் உன் இன்ஜினில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள்ளே அடிக்கிறது, வால்வைக் கழுவிக்கொண்டு போவதில்லை. இதையெல்லாம் முடித்துவிட்டு, பணம் மிச்சம் இருந்தால் ரீமேப். கம்பெனிக்காரன் வெயிலுக்கும் மட்டமான பெட்ரோலுக்கும் என்று கொஞ்சம் இடம் விட்டு வைத்திருப்பான், அந்த இடத்தை எடுத்துத்தான் உனக்கு 48 குதிரை கொடுத்திருக்கிறார்கள். புது வண்டியில் செய்தால் சரி. மூன்றாவது கை மாறின வண்டியில் அந்த இடம் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று யார் அளந்தார்கள்?

இன்ஷூரன்ஸில் ரீமேப்பும் எக்ஸாஸ்டும் எழுதினாயா? எழுதாமல் விட்டால் நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் பணம் தர மாட்டேன் என்று நிற்பார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவில் கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று இருக்கிறது, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை ஜெயிலோ, ரெண்டுமோ என்று 182ஏ சொல்கிறது. உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. "நாளைக்கு ஏதாவது ஒன்று" என்று எழுதும்போதே எனக்குக் கை நிற்கிறது.

சரி, சுற்றி வளைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது உன் வண்டிக்கு ஃபாஸ்டேக் நான்தான் வாங்கி ஒட்டினேன். அதில் என் போன் நம்பர்தான் இருக்கிறது, நீ மறந்துவிட்டாய் என்று நினைக்கிறேன். நீ டோலைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு மெசேஜ் வரும். வேவு பார்க்க வாங்கவில்லை, சத்தியமாக. ஆனால் வந்தால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நீ போன் பண்ணாத வாரங்களில், பையன் நேற்று ஓசூர் பக்கம் போயிருக்கிறான், திரும்பிவிட்டான் என்று தெரியும், அதுவே போதும் என்று இருந்தேன். ஊருக்குத் திரும்பிப் போன அன்று விஜயமங்கலத்துக்கும் வைகுந்தத்துக்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஆனது என்று கழித்துப் பார்த்தேன். அந்தக் கணக்கை இங்கே எழுத மாட்டேன். அம்மா படிப்பாள்.

இந்த மாதம் முதல் வாரம், சனி இரவு 1 மணி 52 நிமிஷத்துக்கு கிருஷ்ணகிரி டோல் மெசேஜ் வந்தது. மறுநாள் மாகாளியம்மன் நோம்பி. நீ வருவதாகச் சொல்லவில்லை, சொல்லாமல் வந்து நிற்பதுதான் உன் வழக்கம். எழுந்து போய் கேட் பூட்டைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்தேன். தருமபுரி தாண்டி அடுத்த டோலுக்கு மெசேஜ் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. மூன்று மணி, நாலு மணி. ஐந்து மணிக்குக் கூப்பிட்டால் போன் ஸ்விட்ச் ஆஃப். மத்தியானம் அம்மாவுக்கு "லீவு கிடைக்கலம்மா, எனக்கும் சேர்த்துக் கும்பிட்டுக்கோ" என்று வாய்ஸ் மெசேஜ் வந்தது. அம்மா சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நான் அதை நாலு தடவை கேட்டேன். உன் குரல் நன்றாகத்தான் இருந்தது. பின்னால் லாரி ஹாரன் கேட்டது.

திரும்பிப் போனதற்கும் மெசேஜ் இல்லை. இன்றோடு இருபத்து மூன்று நாள். டோயிங் வண்டியின் முதுகில் ஏறிப் போயிருந்தால்தான் அப்படி இருக்கும்.

என்ன ஆனது என்று நான் கேட்கப் போவதில்லை. நான் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் விடியற்காலை நீ கிளம்பும்போது நான் தண்ணீர்த் தொட்டியிடம் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வண்டி ராத்திரி முழுக்க வாசல் சரிவில் கியரில் நின்றிருந்தது. நீ ஸ்டார்ட் செய்தாய். முதல் ரெண்டு வினாடி, சங்கிலியைத் தகர டப்பாவில் போட்டு ஆட்டிய மாதிரி ஒரு கரகரப்பு, அப்புறம் அடங்கிவிட்டது. டைமிங் செயின், வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று முட்டாமல் ஓட வைக்கிற சங்கிலி. அதை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர் ஆயில் பிரஷரில் நிற்பது. இன்ஜின் நின்ற பிறகு அதைப் பிடித்து வைக்கிற பல் தேய்ந்துவிட்டால் ராத்திரியில் பின்னால் நகர்ந்துவிடும், காலையில் ஆயில் ஏறுகிற வரைக்கும் செயின் தொளதொளவென்று ஆடும். ஒரு நாள் ஒரு பல் தாண்டிக் குதித்தால் வால்வும் பிஸ்டனும் முட்டும், அப்புறம் அந்த இன்ஜின் இல்லை. முப்பத்தைந்து வருஷம் இன்ஜின் சத்தத்திலேயே இருந்தவன், அந்த ரெண்டு வினாடியில் எனக்கு எல்லாம் தெரிந்தது.

நீ கண்ணாடியை இறக்கி, ஒரு தடவை ஆக்ஸிலரேட்டரை மிதித்து, "சத்தம் எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டாய். புது எக்ஸாஸ்டைக் கேட்டாய். நான் "நல்லா இருக்கு கண்ணு" என்றேன்.

தீபாவளிக்கு உன் வண்டியைப் பழைய இரும்பு என்று பேசினேன். அதற்கு அப்புறம் ரெண்டு மாதம் நீ என்னிடம் பேசவே இல்லை. அந்த வாசலில் நீயாக என்னைக் கேட்டாய், அதைக் கெடுக்க எனக்கு வாய் வரவில்லை. இன்னொன்றும் உண்டு. அடுத்த தடவை வரும்போது சொன்னால் நாலு நாள் வண்டியை இங்கே போடுவாய், நானும் நீயும் சேர்ந்து பிரிக்கலாம், நீ ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பாய் என்று ஒரு ஆசை. டயரில் 2617 என்று இருக்கிறது, 2017ல் 26வது வாரம் செய்த டயர், மாற்றிவிடு என்று மட்டும் சொன்னேன், நீயும் உடனே மாற்றினாய். சொன்னால் கேட்டிருப்பாய். நான்தான் சொல்லவில்லை. தொப்பூர் இறக்கத்தில் இன்ஜின் நின்றால் ரெண்டு மிதிக்கு அப்புறம் பிரேக் கல்லாகிவிடும் என்று தெரிந்தவன், அதற்கு அப்புறமும் ரெண்டு மாதம் வாயைத் திறக்கவில்லை.

வண்டி எங்கே நிற்கிறதோ அங்கேயே நிற்கட்டும், யாரும் "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம்" என்று சாவியைத் தொட வேண்டாம். டைமிங் கவரின் கீழே ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதைக் கழற்றினால் டென்ஷனர் எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று தெரியும், அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல். இன்ஜின் தலையைக் கழற்ற வேண்டியிருந்தால் இங்கே கொண்டுவா, லாரி நான் ஏற்பாடு செய்கிறேன். லேத் விற்ற பணம் அப்படியே இருக்கிறது. விற்றுவிடலாம் என்று நினைத்தால் அதுவும் உன் இஷ்டம், ஆனால் வாங்குகிறவனிடம் இந்தச் சத்தத்தைச் சொல்லிவிட்டு விற்க வேண்டும்.

உனக்குக் கையில் காலில் ஏதாவது அடியா என்று அம்மாவுக்குத் தெரியாமல் எனக்கு மட்டும் ஒரு வரி அனுப்பு.

எள்ளுருண்டையை ஆபீஸ் பையன்களுக்கே கொடுத்துத் தீர்த்துவிடாதே, நீயும் சாப்பிடு. ஃபாஸ்டேகில் ஐந்நூறு ரூபாய் போட்டு வைத்திருக்கிறேன்.

அப்பா