டர்னர் படங்களில் வானம் ஏன் வெள்ளை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விக்டோரியா காலத்துப் புகைப்பட ஆர்வலர் பெஞ்சமின் பிரெக்னெல் டர்னர் (1815–1894) பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். லண்டன் ஹேமார்க்கெட்டில் மெழுகுவத்தி வியாபாரத்தையும் கவனித்துக்கொண்டு, இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயர் கிராமங்களை அவர் படமெடுத்த கதை நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் மேகமற்ற வெள்ளை வானம், ஆளரவமற்ற பாதைகள், கறுத்த மரங்கள் எல்லாவற்றையும் அவருடைய 'தனிமை மனநிலை' என்று கட்டுரையாளர் முடிவு கட்டுவதுதான் இடிக்கிறது. இவற்றில் பெரும்பகுதி காகித நெகட்டிவின், அதாவது வெளிச்சம் கறுப்பாகவும் இருள் வெளுப்பாகவும் பதியும் மூலத்தாளின், குணம்.

காகித நெகட்டிவிலிருந்து படம் அச்சிடும் கலோடைப் முறையைக் கண்டுபிடித்த டால்பட்டிடம் 1849இல் உரிமம் பெற்று, அந்த முறையில் இறங்கியவர் டர்னர். நல்ல எழுதுதாளில் சில்வர் நைட்ரேட் கரைசலைப் பூசி உலர்த்தி, பொட்டாசியம் அயோடைடில் நனைத்து, பிறகு தண்ணீரில் நன்றாக அலச வேண்டும். தாள் வெளிர்மஞ்சளாகும், இந்த நிலையில் அதை நெடுநாள் வைத்திருக்கலாம். அலசுவதில் அவசரப்பட்டால் தங்கிவிடும் அயோடைடு, அடுத்துப் பூசப்போகும் வெள்ளி உப்பைத் தின்றுவிடும். படம் சோகையாக வரும்.

அடுத்த கட்டத்தில்தான் பலர் தோற்றார்கள். டால்பட்டின் கணக்கு இது: 2 அவுன்ஸ் காய்ச்சி வடித்த நீரில் 100 கிரெயின் (சுமார் 6.5 கிராம்) சில்வர் நைட்ரேட், அந்தக் கரைசலின் அளவில் ஆறில் ஒரு பங்கு வீரியமான அசிட்டிக் அமிலம். இதோடு சம அளவு காலிக் அமிலத்தின் செறிந்த கரைசலைச் சேர்த்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் தாளில் பூச வேண்டும். கலவை தங்காது, சீக்கிரமே பழுப்பேறித் தாளைக் கறையாக்கும். அமிலம் குறைந்தால் ஒளி படாத இடமும் கறுக்கும், கூடினால் தாள் மந்தமாகும். தாளில் நுண்ணிய இரும்புத் துகள் ஒன்று இருந்தாலும் போதும், நெகட்டிவில் கரும்புள்ளி, பிரிண்டில் வெண்புள்ளி.

இனி வானத்துக்கு வருவோம். சில்வர் அயோடைடு நீலத்துக்கும் ஊதாவுக்கும் சட்டென்று மசியும். பச்சையைக் கண்டுகொள்வதே இல்லை. இலைகளுக்குப் போதுமான நேரம் கொடுத்தால் வானம் அளவு மீறி நெகட்டிவில் கறுப்பாகப் பதிந்து, மேகமும் நீலமும் ஒன்றாகிவிடும்; பிரிண்டில் அது வெள்ளை. அப்படிப் பதிந்த வானமும் ஒரே சீராக இராது, திட்டுத்திட்டாகத்தான் வரும். அதனால் அக்காலத்தவர் பலர் நெகட்டிவில் வானப் பகுதியை இந்திய மை என்ற கறுப்பு மையால் அடைத்தே அச்சிட்டார்கள். ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் 1855இல் பர்மாவில் எடுத்த சில நெகட்டிவ்களில் வண்ணம் தீட்டி மேகங்களையே வரைந்து சேர்த்தார். தஞ்சைப் பெரிய கோயிலையும் மதுரையையும் பின்னால் படமெடுத்த அதே டிரைப்தான்.

ஆட்கள் இல்லாததற்கும் காரணம் உண்டு. டர்னரின் நெகட்டிவ் ஏறத்தாழ 30 x 40 செ.மீ. அவ்வளவு பெரிய தாளில் ஓரம்வரை தெளிவு வேண்டும் என்றால் லென்ஸின் துவாரத்தைச் சுருக்கியாக வேண்டும். எக்ஸ்போஷர், அதாவது தாளில் ஒளி விழும் நேரம், அரை மணிவரைகூடப் போகும். நடந்து போகிறவர் பதியவே மாட்டார், நின்று பேசுகிறவர் புகைபோலப் பதிவார். அதற்குள் சூரியனும் நகர்ந்துவிடுவதால் நிழலின் விளிம்பு மழுங்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு 1852இல் டர்னர் எடுத்த, இங்கிலாந்தின் ஹாக்ஹர்ஸ்ட் ஊர்த் தேவாலயப் படத்தைப் பாருங்கள். குளத்தில் கட்டடம் அப்படியே தலைகீழாகத் தெரிகிறது. கேமரா திறந்திருந்த நேரம் முழுவதும் தண்ணீர் சலனமில்லாமல் இருந்திருக்க வேண்டும். 'ஒரு புகைப்பட உண்மை' என்று அதற்குத் துணைத்தலைப்பு வைக்க அவருக்கு உரிமை உண்டு. மனநிலையைத் தேடுகிறவர்கள் இந்தப் பொறுமையிலிருந்து தொடங்கலாம்.

கண்ணாடி நெகட்டிவ் வந்த பின்னும் அவர் காகிதத்தைக் கைவிடாததைக் கட்டுரை 'பழமைப்பற்று' என்கிறது. ஆர்ச்சர் என்பவர் 1851இல் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையில், பசைபோன்ற கரைசல் பூசிய கண்ணாடித் தகடு காய்வதற்குள் படமெடுத்து டெவலப்பும் செய்தாக வேண்டும். வயல்வெளிக்குப் போகும்போது இருட்டுக் கூடாரம், ரசாயனப் புட்டிகள், தண்ணீர், கண்ணாடித் தகடுகள் என்று எல்லாவற்றையும் சுமக்க வேண்டும். காகிதத்துக்கு இவ்வளவு பாரம் இல்லை. மரத்தின் பட்டையையும் ஓலைக் கூரையையும் சேர்த்துப் பிடிக்கக் காகிதத்தின் கரகரப்பு தோதானது என்பது எங்கள் கருத்து.

ஒரு வேண்டுகோள். 1852–54 காலத்துப் படங்கள் அடங்கிய அவருடைய ஆல்பத்தில் உள்ளவை முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் வெயிலில் அச்சிட்டவை. அவற்றின் நிறம் பழுப்பு. தாங்கள் அதை நீக்கிவிட்டு, கான்ட்ராஸ்டையும் கூட்டி, வெறும் கறுப்பு வெள்ளையாக வெளியிட்டிருக்கிறீர்கள். நிழலுக்குள் இருந்த விவரமெல்லாம் அடைபட்டுப்போயிற்று. அடுத்த முறை நிறத்தைத் தொடாமல், கிடைத்தால் நெகட்டிவையும் பக்கத்திலேயே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய புகைப்பட முறைகளில் ஆர்வமுள்ள வாசகர்கள்,
திருச்சிராப்பள்ளி