செமினாரை முதலில் தமிழில் சொல்லிப் பார்க்க விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. இந்த செமஸ்டரில் ஆளுக்கொரு நோயெதிர்ப்பியல் கட்டுரை எடுத்து செமினார் கொடுக்க வேண்டும். நான் எடுத்தது 2022ல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த லூபஸ் கட்டுரை. லூபஸ் என்பது உடம்பின் நோயெதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய். ஜெர்மனியின் எர்லாங்கனில், வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத லூபஸ் நோயாளிகள் 5 பேரின் ரத்தத்திலிருந்து டி செல்கள் என்ற வெள்ளணுக்களை எடுத்து, சிடி19 என்ற அடையாளம் உள்ள பி செல்களை (கிருமிகளை எதிர்க்கும் ஆன்டிபாடிகள் உருவாகக் காரணமான வெள்ளணுக்கள்; லூபஸில் இவை சொந்த உடம்புக்கு எதிராகத் திரும்பிவிடுகின்றன) தேடி அழிக்கும்படி மாற்றி, அவரவர் உடம்பிலேயே திரும்ப ஏற்றினார்கள். 3 மாதத்தில் 5 பேருக்கும் நோய் அடங்கியது. (இதே சிடி19 வழியில் ரத்தப் புற்றுநோய்க்கு ஐஐடி பம்பாயில் உருவான நெக்ஸ்கார்19 சிகிச்சைக்கு 2023ல் இங்கேயும் அனுமதி கிடைத்துவிட்டது.)

அப்ஸ்ட்ராக்டை (கட்டுரைச் சுருக்கத்தை) மனப்பாடம் செய்து, படங்களை வெட்டி ஒட்டி, 20 ஸ்லைடு தயார் செய்துவிட்டேன். ராத்திரி சத்தமாகச் சொல்லிப் பார்த்தபோது, பீடி சுற்றிக்கொண்டிருந்த அம்மா "என்னன்னு எனக்கும் சொல்லு" என்றார். தமிழில் சொன்னேன். "அந்த செல்லையெல்லாம் கொன்னுட்டா, அப்புறம் வேற நோய் வந்தா உடம்பு எப்படித் தாங்கும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் நான் ஒட்டிவைத்த படங்களிலேயே இருந்தது. காலண்டர் தாளின் பின்பக்கம் அந்தக் கோட்டைக் கையால் வரைந்தேன்: பி செல் எண்ணிக்கை விழுந்து தரையோடு போகிறது, சராசரியாக 110 நாள் கழித்துத் திரும்ப ஏறுகிறது. திரும்பி வந்தவை பெரும்பாலும் புதுசு, நோய் திரும்பவில்லை. பழைய தடுப்பூசிகளால் வந்த ஆன்டிபாடிகளும் பெரிய அளவில் குறையவில்லை, ஏனென்றால் அவற்றைச் சுரக்கும் நீண்டகால பிளாஸ்மா செல்கள் பலவற்றில் சிடி19 இல்லை. வரைந்தபோதுதான் மற்றதும் உறைத்தது. 5 பேர்தான், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை, கவனித்த காலம் பாதிப் பேருக்கு 8 மாதத்தைத் தாண்டவில்லை. என் 20 ஸ்லைடில் இதில் ஒன்றுகூட இல்லை.

எங்கள் வகுப்பில் செமினார் முடிந்ததும் யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்கத் தெரியாமல் இல்லை, ஆங்கிலத்தில் கேட்க வேண்டுமே என்ற பயம்தான். போன மாதம் ஒரு தோழி தமிழில் ஆரம்பித்தாள், "இங்கிலீஷில் கேள்" என்றதும் உட்கார்ந்துவிட்டாள். ஸ்லைடு ஆங்கிலத்தில் இருக்கட்டும், சரி, அது வேலைக்குத் தேவை. ஆனால் முந்தின வாரம் ஒருமுறை தமிழில் சொல்லிப் பார்க்கவும், கேள்வி நேரத்தில் தமிழில் கேட்கவும் துறைகள் அனுமதிக்க வேண்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். மருத்துவ ஆராய்ச்சிச் செய்தி போடும்போது எத்தனை பேரிடம், எத்தனை மாதம் பார்த்தார்கள் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். கல்விப் பக்கத்தில் வாரம் ஒரு ஆய்வுப் படத்தை எடுத்து, இந்த அச்சில் என்ன, அந்தக் கோடு ஏன் இறங்குகிறது என்று விளக்கினால் என்னைப் போன்றவர்கள் வெட்டி எடுத்து நோட்டில் ஒட்டிக்கொள்வோம்.

இப்படிக்கு,
முதுகலை மாணவி,
தென்காசி மாவட்டம்.