முக்காலே மூணு வீசம் திரும்பி வந்தது

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று பல்கலைக்கழக விழா மேடையில் என் ஆய்வேட்டுக்காக வாங்கிய கேடயம் இன்னும் துணிப்பைக்குள்ளேயே இருக்கிறது. அதை வெளியே எடுத்து வைப்பதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும். ஆய்வுக்காகப் படியெடுத்த நோட்டுகளும் மடிக்கணினியும் இருந்த என் பை பேருந்துப் பயணத்தில் தொலைந்துபோன கதை உங்களுக்குத் தெரியும். பேருந்து நிலையம் பேருந்து நிலையமாக அலைந்தவர்களே நீங்கள்தான். அதை மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை. அதற்குப் பிறகு வந்த ஒரு காலையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு நான் துறைக்குப் போனது ஆய்வை விட்டுவிடுகிறேன் என்று கடிதம் கொடுக்க. வாசலில் எங்கள் துறை அலுவலக உதவியாளர் அண்ணன் உட்கார்ந்திருந்தார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. உங்களுக்குத் தெரியாதவரா என்ன. கடிதத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. "சாப்டியா பாப்பா?" என்றார். இல்லை என்றேன். "இங்கனயே இரு" என்று உள்ளே போய், பழைய பீரோவுக்கு அடியிலிருந்து சிவப்பு நாடா கட்டிய ஒரு கட்டை இழுத்துக்கொண்டு வந்தார்.

அவிழ்த்துப் பார்த்தால் என் கையெழுத்து.

தேவகோட்டையில் ஒரு செட்டியார் வீட்டில் இருந்த, பர்மா வட்டிக்கடை ஒன்றின் பழைய கணக்கு ஏடுகளைப் படியெடுத்த நாட்களில், ஏட்டுப் படங்களைப் பார்த்து முதலில் வெள்ளைத் தாள்களின் ஒரு பக்கத்தில் பென்சிலால் கிறுக்கிப் பார்ப்பேன். சரியாக வந்தபின் நோட்டில் எழுதிவிட்டு, கிறுக்கல் தாளைக் கசக்கித் துறைக் குப்பைக்கூடையில் போடுவேன். மூன்று வருஷம் இப்படித்தான் நடந்தது. மூன்று வருஷமும் அந்த அண்ணன் ஒவ்வொரு சாயங்காலமும் கூடையிலிருந்து அந்தத் தாள்களை எடுத்து, கையால் நீவி, அடுக்கி வைத்திருக்கிறார். பள்ளிக்கூடப் பழக்கத்தில் நான் மூலையில் தேதி போடுவேன். அந்தத் தேதியை வைத்து மாதம் மாதமாகப் பிரித்திருந்தார். எண்ணிப் பார்த்தேன், 611 தாள்.

"ஏண்ணே இதையெல்லாம் எடுத்து வச்சீங்க?" என்று கேட்டேன். "பின்பக்கம் வெள்ளையா இருந்துச்சு, பேத்தி படம் போடுவாளேன்னு எடுத்தேன். அப்புறம் பாத்தா நம்ம பழைய கணக்கு. கணக்கு எழுதின தாளைக் குப்பையில போட மனசு வரல" என்றார். முதல் மாதங்களின் தாள்கள் கல்லலில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஏற்கெனவே போய்விட்டிருந்தன. என் பை போன செய்தி கேட்டதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை பேருந்து ஏறிப் போய், பேத்தியிடம் கெஞ்சி வாங்கி வந்திருக்கிறார். ஒரு தாளில் முன்பக்கம் 1929-ம் வருஷத்து நெல் கடன் வட்டி. பின்பக்கம் நீல மெழுகுக் கலரில் ஒரு சேவல். பேருக்கு ஒரு கண், ஏழு கால்விரல். அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதுவிட்டேன்.

அந்த ஏடுகளை மறுபடி போய்ப் பார்க்க வழியில்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். பங்காளிகள் கூடி முடிவெடுத்தார்கள், அந்த வீட்டைப் பிரித்து இறக்கிவிட்டார்கள். அதன் இரண்டாங்கட்டுத் தூண்களைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடை ஒன்றில் பார்த்துவிட்டு வந்தேன். பெட்டகத்தில் இருந்த ஏடுகள் போன திசை தெரியவில்லை. அந்த வீட்டு ஆச்சி, இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஊர் பேர் தெரியாத ஒரு பெண்ணை வீட்டு முற்றத்து வளவில் உட்காரவைத்து, மோர் கொடுத்து, பெட்டகத்தைத் திறந்து விட்டவர் நீங்கள்.

அண்ணன் செய்தது அதோடு நிற்கவில்லை. பத்துப் பன்னிரண்டு தாள்களில் ஓரத்தில் சின்னதாக ஒரு சுழி போட்டிருந்தார். "இதெல்லாம் நீ தப்பாப் படிச்சிருக்க பாப்பா. இது கால் இல்ல, மாகாணி." அவருடைய தாத்தா ரங்கூனில் செட்டியார்களின் வட்டிக்கடைகள் இருந்த கிட்டங்கி ஒன்றில் சமையலாளாகப் போனவர். கணக்கர்கள் உட்காரும் பெட்டியடியில் எழுதுவதைப் பார்த்துப் பார்த்தே கணக்கு கற்றுக்கொண்டு வந்து, மகனுக்கும் பேரனுக்கும் எண்சுவடி என்ற பழைய கணக்கு வாய்பாடு சொல்லிக் கொடுத்திருக்கிறார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: மா என்றால் 1/20, காணி என்றால் 1/80, இரண்டும் சேர்ந்தால் மாகாணி, அதாவது 1/16. ரூபாய்க்கு 16 அணா இருந்த காலத்தில் மாகாணி ரூபாய் என்றால் ஒரு அணா. நான் அதைக் கால் என்று படித்து நாலு அணா ஆக்கி வைத்திருந்தேன். ஒரு விவசாயி கட்டிய வட்டி என் கணக்கில் நாலு மடங்காகி இருந்தது!

இது சின்னத் தப்பில்லை. கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சாகுபடி நிலத்தில் நூற்றுக்கு 6 பங்குதான் செட்டியார் வட்டிக்கடைகளிடம் இருந்தது. 1937-ல் அது 25 பங்கு. நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, ஈடு வைத்த நிலம் கைக்கு வந்தது. பணமாகக் கேட்டவர்களுக்கு மண்ணாக வந்து சேர்ந்தது. புத்தகங்களில் இருக்கிற இந்தக் கதையை ஒரே ஒரு கடையின் ஏட்டில் வரி வரியாகக் காட்டுவதுதான் என் ஆய்வு. வட்டியே தப்பென்றால் ஆய்வேட்டில் என்ன மிச்சம்? வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் பாராட்டியது நான்காம் இயலை. அந்த இயல் அந்தச் சுழிகளில் நிற்கிறது.

போனதில் முக்காலே மூணு வீசம், அதாவது பதினாறில் பதினைந்து பங்கு, திரும்பி வந்துவிட்டது. மீதி ஒரு வீசத்தை ஒட்டிக் கொடுத்தவர்கள் நீங்கள் எல்லோரும். எப்போதோ உங்களுக்கு அனுப்பிய ஏட்டுப் படங்களைப் பழைய போன்களில் தோண்டி எடுத்துக் கொடுத்த தோழிகள், முறை வைத்துத் தட்டச்சு செய்த விடுதி அறைக்காரிகள், ராத்திரி பத்து மணிக்கும் மூடாமல் காத்திருந்த ஜெராக்ஸ் கடைத் தம்பி, இட்லியை மூடி எடுத்து வைத்த மெஸ் அக்கா, நகையை அடகு வைத்து மடிக்கணினி வாங்கித் தந்துவிட்டு அப்பாவிடம் சொல்லாத அம்மா, கடிதத்தை வாங்கி மேசை டிராயரில் போட்டுவிட்டு "பத்து நாள் கழிச்சுப் பேசுவோம்" என்ற என் நெறியாளர் ஐயா. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினால் இந்த மடல் முடியாது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

நேற்று விழாவில் பேராசிரியர்களுக்குக் காப்புரிமைக்கும் ஆய்வுக் கட்டுரைகளுக்கும் பாராட்டு. மாணவர்களுக்கு ஓட்டப்பந்தயத்திலிருந்து ஆய்வேடு வரைக்கும். பணியாளர்களில் இரண்டு பேருக்குப் பொன்னாடை. எல்லோரும் தகுதியானவர்கள், மனசார கைதட்டினேன். என் பெயர் வாசித்தபோது மேடைக்குப் போனால், கேடயம் அடுக்கிய தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அந்த அண்ணன். வெள்ளைச் சட்டை, சலவை மடிப்புக் கலையவில்லை. துணைவேந்தர் கேடயத்தை எடுக்கும்போது தட்டை என் பக்கமாகச் சாய்த்து, "நிமிந்து நில்லு பாப்பா, போட்டோ எடுக்கிறாக" என்று மெதுவாகச் சொன்னார். போட்டோவில் நான் இருக்கிறேன், துணைவேந்தர் இருக்கிறார். தட்டும் இரண்டு கைகளும் தெரிகின்றன. முகம் விழவில்லை.

ராத்திரி தூக்கம் வரவில்லை. கோட்டையூரில் 1909-ல் பிறந்து, 1947-ல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கி, மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வருவதற்கு 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் எடுத்துக் கொடுத்த வள்ளல் அழகப்பச் செட்டியாரின் மண் இது. கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டி வைக்கத் தெரிந்த ஊர். கூடையிலிருந்து தாள் பொறுக்கி வைத்தவரை எந்தத் தலைப்பில் பரிந்துரைப்பது? பணியாளர் விருதுக்கான படிவத்தை இன்று காலை வாங்கிப் பார்த்தேன். எத்தனை வருஷப் பணி, எத்தனை நாள் விடுப்பு என்று கேட்கிறார்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஆகவே தனித்தாளில் எழுதி அந்தப் படிவத்தோடு இணைக்கப் போகிறேன். அவர் வைகாசியில் ஓய்வு பெறுகிறார், அதற்குள் போய்ச் சேர வேண்டும். அவரால் தேறிய ஆய்வேடு என்னுடையது மட்டுமில்லை என்று இரண்டு சீனியர்கள் சொன்னார்கள்; அவர்களும் எழுதித் தருகிறார்கள். உங்களில் யாருக்காவது சொல்ல இருந்தால் இந்த வாரத்துக்குள் கொண்டுவந்து கொடுங்கள். வெறும் "நல்லவர்" என்று எழுத வேண்டாம். என்ன செய்தார், என்றைக்குச் செய்தார் என்று எழுதுங்கள்.

611 தாள்களையும் படமெடுத்துத் துறை நூலகத்தில் ஒரு பிரதி வைக்கிறேன். எண்சுவடி படிக்கத் தெரிந்தவர்களாக வருஷத்துக்கு இரண்டு மாணவர்களையாவது ஆக்குவேன். அண்ணன் சொல்லித் தரச் சம்மதித்திருக்கிறார். ஆய்வேட்டின் நன்றியுரையில் முதல் பெயர் அவருடையதுதான். பார்த்ததும் பதறி, "நெறியாளர் ஐயா பேரை மேல போடு பாப்பா" என்றார். ஐயாவிடம் கேட்டேன். அப்படியே இருக்கட்டும் என்றார்.

சேவல் வரைந்த தாளை மட்டும் அண்ணனின் பேத்தியிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரவல் என்று சொல்லித்தான் வாங்கி வந்தாராம். ஞாயிற்றுக்கிழமை கல்லல் போகிறேன், ஒரு புது மெழுகுக் கலர் டப்பாவும் வாங்கிக்கொண்டு.