கூகைக்குக் கூண்டு வைத்துவிட்டு எலி நஞ்சும் வைக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

செம்பனைத் தோட்டங்களில் எலியைக் கட்டுப்படுத்த, எலியைத் தின்னும் கூகை என்ற ஆந்தை வந்து தங்கிக் குஞ்சு பொரிக்கக் கூண்டு வைப்பது நம் மலேசியாவில் பழகிய முறை. ஆனால் பல தோட்டங்களில் கூண்டு நிற்கிறது, கூகை இல்லை. எலி நஞ்சு இதற்கு ஒரு முக்கியக் காரணம். புரோடிஃபாகும் என்ற எலி நஞ்சுக் கட்டியைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலிதான் கூகையிடம் முதலில் சிக்கும். நஞ்சு கூகையின் ஈரலில் சேர்ந்து உள்ளே இரத்தம் கசிந்து அது இறக்கும். கூண்டு வைத்த வட்டாரத்தில் இந்த நஞ்சை அறவே நிறுத்த வேண்டும்.

5 முதல் 10 ஹெக்டேருக்கு ஒரு கூண்டு, 4 மீட்டர் உயரக் கம்பத்தில் போதும். தகரக் கூண்டு வேண்டாம், வெயிலில் குஞ்சுகள் வெந்துவிடும், பலகையே நல்லது. வாசல் மாலை வெயிலைப் பார்க்கக் கூடாது. கம்பத்தில் வழுக்கும் தகடு சுற்றினால் பாம்பு ஏறுவது குறையும். கூகை கக்கும் எலும்பும் உரோமமும் சேர்ந்து கூண்டின் தரை உயர்ந்தால் குஞ்சு தவறி விழும். ஆகவே குஞ்சுகள் பறந்தபின் ஆண்டுக்கொருமுறை சுத்தம் செய்யுங்கள்.

2020 முதல் எம்எஸ்பிஓ (மலேசிய நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்) சான்றிதழ் கட்டாயம். பழக்குலை வாங்கும் ஆலைகள், எந்த எலி நஞ்சு பயன்படுகிறது என்று சிறுதோட்டக்காரர்களிடம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். நஞ்சைக் கைவிடுவோருக்குக் கூண்டுச் செலவில் பங்கும் தர வேண்டும்.

இப்படிக்கு,
தோட்டத் தொழில் ஆர்வலர்கள்,
நிபோங் திபால், பினாங்கு