தோற்றது எந்த பிரிஸ்பேன்?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2023 அக்டோபர் 2, திங்கட்கிழமை இதழின் விளையாட்டுப் பக்கத்தில் கீழ் மூலையில் ஒரு வரி: “ஆஸ்திரேலிய ரக்பி இறுதிப் போட்டியில் பிரிஸ்பேன் அணி தோல்வி.” கூடவே பிரிஸ்பேன் லயன்ஸ் அணி வீரர் ஒருவரின் படம். முந்தைய நாள், திருவனந்தபுரத்தில் மழையால் முடிவில்லாமல் போன ஆஸ்திரேலியா - நெதர்லாந்து பயிற்சி ஆட்டத்துக்கு மூன்று பத்தி கொடுத்திருந்தீர்கள். ஸ்டார்க் ஹாட்ரிக் எடுத்தார், சரி, அது செய்திதான்.

ஆனால் அந்த வார இறுதியில் தோற்றது ஒரு பிரிஸ்பேன் அணி அல்ல, இரண்டு. சனிக்கிழமை மெல்போர்னில் லயன்ஸ். ஞாயிறு இரவு சிட்னியில் பிரிஸ்பேன் பிராங்கோஸ். லயன்ஸ் ஆடுவது ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து, அது ரக்பியே இல்லை. பிராங்கோஸ் ஆடுவது ரக்பி லீக். ரக்பி யூனியன் மூன்றாவது விளையாட்டு. அதில் ஆஸ்திரேலிய அணி அதே ஞாயிறு பிரான்சில் நடந்த உலகக் கோப்பை ஆட்டத்தில் போர்ச்சுகலை 34-14 என்று வென்றது. மூன்றையும் ஒரே வரியில் போட்டுக் குழப்பிவிட்டீர்கள்.

சனிக்கிழமை ஆட்டத்தை எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரோடு உட்கார்ந்து பார்த்தேன். நான் பிரிஸ்பேனுக்கு வந்த புதிதில் இந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். 2001, 2002, 2003 என்று தொடர்ந்து மூன்று வருடம் லயன்ஸ் கோப்பை வாங்கியதைப் பார்த்தவர். மைதானத்தில் 1,00,024 பேர். முடிவில் எதிரணியான காலிங்வுட் 90, லயன்ஸ் 86. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், லயன்ஸ் அடித்தது 13 கோல், காலிங்வுட் அடித்தது 12. நடுவில் உள்ள இரண்டு உயரமான கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. குறி தவறிப் பக்கத்து இடைவெளியில் போனால் ‘பிஹைண்ட்’, 1 புள்ளி. காலிங்வுட் 18 பிஹைண்ட் எடுத்தது, நாங்கள் 8. அதிக கோல் அடித்தும் கோப்பை போனது. சைரன் ஒலித்ததும் பெரியவர் ஒன்றும் பேசாமல் எழுந்து தோட்டத்தில் போய் நின்றுகொண்டார்.

நான்கு கோல் அடித்து, இறுதியாட்டத்தின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் வாங்கிய காலிங்வுட் வீரர் பாபி ஹில், முந்தைய ஆண்டுதான் புற்றுநோயிலிருந்து மீண்டு வந்தவர். எங்களைத் தோற்கடித்தவர்தான், இருந்தாலும் எழுந்து நின்று கைதட்டினேன். அவரைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கக் கூடாதா?

ஞாயிறு இரவு பிராங்கோஸ் 24-8 என்று முன்னிலையில் இருந்தபோது பெரியவர் போன் செய்து, “இன்றைக்காவது” என்றார். அப்புறம் எதிரணியான பென்ரித்தின் நேதன் கிளியரி ஆட்டத்தைக் கையில் எடுத்தார். பென்ரித் 26-24 என்று வென்று தொடர்ந்து மூன்றாவது பட்டத்தைக் கொண்டுபோனது. ஒரே வார இறுதியில் ஒரு நகரத்துக்கு இரண்டு இறுதியாட்டம், ஒன்றில் 4 புள்ளி, இன்னொன்றில் 2 புள்ளி வித்தியாசத்தில் தோல்வி. இதைவிடப் பெரிய விளையாட்டுச் செய்தி என்ன வேண்டும்?

2021 ஜனவரியில் பிரிஸ்பேனின் காபா மைதானத்தில் கிரிக்கெட்டில் இந்தியா வென்றபோது பக்கம் பக்கமாக எழுதினீர்கள். நடராஜனும் வாஷிங்டன் சுந்தரும் அறிமுகமான டெஸ்ட். ஐந்தாம் நாள் நானும் என் மகளும் அங்கே இருந்தோம், அந்த இதழை இன்னும் வைத்திருக்கிறேன். அதே காபாதான் லயன்ஸ் அணியின் சொந்த மைதானம் என்பது தங்களுக்குத் தெரியாதா? 2023 ஆகஸ்ட் 12-ஆம் தேதி பெண்கள் உலகக் கோப்பைக் கால்பந்துக் காலிறுதியில் பிரான்சுக்கு எதிராக இதே பிரிஸ்பேனில் 20 பெனால்டி வரை போய் 7-6 என்று ஆஸ்திரேலியப் பெண்கள் அணியான மட்டில்டாஸ் வென்றார்கள். கடைசிப் பந்தை கோர்ட்னி வைன் உதைத்தபோது மகள் என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. அதற்கும் உங்கள் இதழில் இரண்டே வரிதான். அப்போதே எழுதியிருக்க வேண்டும், பொறுத்துக்கொண்டேன். அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் வாங்கும் பத்திரிகை என்பதால்தான்.

திங்களன்று பெரியவர் என் போனில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார். “நம்ம பையன் படம் போட்டிருக்கிறார்களே, உங்கள் ஊர்ப் பத்திரிகை என்ன எழுதியிருக்கிறது?” என்று ஆசையாகக் கேட்டார். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. பேச்சை மாற்றிவிட்டேன்.

ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள். லயன்ஸ் ஆடியது ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து, பிராங்கோஸ் ஆடியது ரக்பி லீக், இரண்டு ஆட்டங்களின் புள்ளிகள் இவை என்று இரண்டு வரி போதும். அதை அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
பிரிஸ்பேன்