பீர்க்கம்பிஞ்சு ஏன் வெம்புகிறது?

ஆசிரியருக்கு,

ஆடிப்பட்டம் நெருங்குகிறது, மாடித்தோட்டம் போடுவோருக்குச் சில குறிப்புகள். பீர்க்கு, புடலைப் பந்தலை வடக்கு ஓரம் அமையுங்கள். தெற்கில் போட்டால் புரட்டாசி முதல் தை வரை அதன் நிழல் கத்தரி, தக்காளி மேல் விழும். முன்வரிசையில் சிவப்புத் தண்டுக்கீரையும் துலுக்கச் சாமந்தியும் வைத்தால் பார்வைக்கும் அழகு.

பைக்கு 2 பங்கு செம்மண், 2 பங்கு தென்னை நார்க்கழிவு, 1 பங்கு தொழுவுரம். நார்க்கழிவை 2, 3 முறை ஊறவைத்துப் பிழியாவிட்டால் உப்பு தங்கி இலை நுனி கருகும்; நோய் என்று நினைத்து மருந்தடிப்பது வீண். பைகளைச் செங்கல் மேல் வையுங்கள், தளத்தில் ஈரம் தங்காது.

பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தால் உரம் கொட்டாதீர்கள். பெரும்பாலும் மகரந்தம் சேராததே காரணம். பீர்க்கு மாலையில்தான் பூக்கும். விரிந்ததும் ஆண்பூவைப் பறித்து, அடியில் பிஞ்சுள்ள பெண்பூவின் நடுவில் தொட்டுவிடுங்கள்.

– வாசகர், தஞ்சாவூர்