கார்டினல்ஸ் நிர்வாகத்துக்கு: கணக்கு சரி, வாத்தியார் எங்கே?

செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் பேஸ்பால் அணியின் ஆட்ட நிர்வாகத் தலைவர் ஹைம் ப்ளூம் அவர்களுக்கும், உரிமையாளர் டிவிட் குடும்பத்தாருக்கும்,

வணக்கம். ப்ளூம் சார், 2025 சீசன் முடிந்து நீங்கள் பொறுப்புக்கு வந்ததிலிருந்து ரசிகர்கள் நாங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்திக்கொண்டிருக்கிறோம். கம்ப்யூட்டர்காரர் வந்துவிட்டார், 'கார்டினல் வே', அதாவது நம் பழைய பயிற்சி முறை, செத்தது என்று ஒரு கூட்டம். அந்தப் பழம்பெருமைதான் 2023இல் அணியை அதன் பிரிவில் கடைசி இடத்துக்குத் தள்ளியது என்று இன்னொரு கூட்டம். இரண்டு பேருக்கும் நம் வீட்டுச் சரித்திரமே சரியாகத் தெரியவில்லை, எனக்கு எரிச்சல் அதில்தான்.

பிராஞ்ச் ரிக்கி யார்? நியூயார்க் அணிகள் மாதிரி பணத்தைக் கொட்டி வீரர்களை வாங்க முடியாததால், சின்ன ஊர் அணிகளை வளைத்துப்போட்டு அங்கேயே பையன்களை வளர்த்தெடுக்கும் ஏற்பாட்டை 1920களில் இங்கே உருவாக்கியவர். அதே ரிக்கிதான் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்குப் போன பிறகு, 1947இல், ஆலன் ராத் என்ற புள்ளிவிவரக்காரரை முழுநேரச் சம்பளத்தில் வைத்துக்கொண்டார். பாரம்பரியக் கட்சி கும்பிடுகிற ஆளும் கணக்குக் கட்சியின் மூதாதையும் ஒரே மனிதர்!

ரிக்கி இங்கிருந்த காலத்தில், 1940இல், சேர்ந்து, பிறகு பயிற்சியாளரானவர் ஜார்ஜ் கிஸ்ஸல். 2008இல் இறக்கும்வரை வேறு எங்கும் போகவில்லை. முதல்நிலை லீகான மேஜர் லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர், ஆனால் கேட்சராக (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) இருந்த ஜோ டோரியை மூன்றாம் பேஸில் ஃபீல்டிங் செய்யப் பழக்கினார். டோரி 1971இல் அந்த இடத்தில் ஆடித்தான் எம்விபி (லீகின் மிக மதிப்புமிக்க வீரர்) ஆனார்.

அப்புறம் 2003இல் டிவிட் அவர்கள் ஜெஃப் லூனோவைக் கொண்டுவந்தார். பேஸ்பாலில் வேலையே பார்த்திராத நிர்வாக ஆலோசகர். பழைய ஆட்கள் முறைத்தார்கள், கேலிப்பெயர் வைத்தார்கள், உள்சண்டை முற்றி, 2006இல் கோப்பை வாங்கித்தந்த ஜெனரல் மேனேஜர் வால்ட் ஜாக்கெட்டியே 2007இல் வெளியே அனுப்பப்பட்டார். ஆனால் 2009 டிராஃப்டை, அதாவது அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பதை, பாருங்கள். ஷெல்பி மில்லர், ஜோ கெல்லி, மேட் கார்பெண்டர், ட்ரெவர் ரோசென்தால், மேட் ஆடம்ஸ். ஒரே டிராஃப்டில் எடுத்த இந்த ஐந்து பேரும் 2013இல் வேர்ல்ட் சீரிஸ் வரை போன அணியில் இருந்தார்கள்.

அதில் கார்பெண்டர் கதையை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 13ஆவது சுற்று, கையெழுத்துப் பணம் 1000 டாலர், கல்லூரியில் ஐந்தாவது வருடம் படித்துக்கொண்டிருந்த ஆள். கல்லூரி ஆட்டக் கணக்கை மதிக்கிற டிராஃப்ட் முறை இப்படிப்பட்டவர்களை உள்ளே கொண்டுவந்தது, சரி. ஆனால் மூன்றாம் பேஸில் டேவிட் ஃப்ரீஸ் இருந்ததால் கார்பெண்டருக்கு இடமில்லை. ஹோசே ஒக்கெண்டோ என்ற கோச் பந்து பந்தாக அடித்துக்கொடுத்து அவரை இரண்டாம் பேஸ்காரராக மாற்றினார். 2013இல் அவர் 199 ஹிட், 55 டபுள் (ஒரே அடியில் இரண்டு பேஸ்), 126 ரன் எடுத்தார், மூன்றிலும் மேஜர் லீகின் ஒரு பாதியான நேஷனல் லீகில் முதலிடம். இதில் கணக்கின் பங்கு எவ்வளவு, கோச்சின் பங்கு எவ்வளவு என்று யாராவது பிரித்துக் காட்டட்டும் பார்க்கலாம்.

(லூனோ ஹூஸ்டனுக்குப் போன பிறகு நம் ஆள் ஒருவர் அவர்கள் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து சிறைக்குப் போனதும், 2017இல் நாம் 20 லட்சம் டாலரும் இரண்டு டிராஃப்ட் வாய்ப்புகளும் இழந்ததும் தனி அசிங்கம். அதை இங்கே கிளற வேண்டாம்.)

பிறகு என்ன ஆயிற்று? சாண்டி அல்கான்டராவையும் ஸாக் கேலனையும் 2017 டிசம்பரில் ஒரே டிரேடில் (வீரர் பரிமாற்றத்தில்) மயாமிக்குக் கொடுத்தோம். அல்கான்டரா 2022இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். அடோலிஸ் கார்சியாவை வெறும் பணத்துக்கு டெக்சாஸுக்குத் தள்ளிவிட்டோம், ராண்டி அரோசரெனாவை 2020இல் டாம்பா பேவுக்கு அனுப்பினோம், அவர் அதே வருடப் பிளேஆஃபில் 10 ஹோம் ரன் அடித்தார். டாம்பா உங்கள் பழைய வீடுதான், அப்போது நீங்கள் பாஸ்டனுக்குப் போய்விட்டீர்கள் என்பது வேறு விஷயம். நம் கையில் இருந்தபோது இவர்களிடம் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியவில்லை. அதைக் கணக்கும் சொல்லவில்லை, கூடவே நின்று சொல்லிக்கொடுத்தவரின் பேச்சு மேலே போய்ச் சேரவும் இல்லை.

வீரர் வளர்ச்சிக்குப் பணம் போடுவோம் என்று 2024இல் அறிவித்தீர்கள், கிளீவ்லாண்டிலிருந்து ராப் செர்ஃபோலியோவை அழைத்துவந்தீர்கள். நல்லதுதான். ஆனால் அந்தப் பணம் கேமராவுக்கும் மென்பொருளுக்கும் மட்டும் போய்விடக் கூடாது. 2026இல் வந்திருக்கிற பந்துச் சவால் விதியையே பாருங்கள். வீசிய பந்து ஸ்டிரைக்கா (சரியான பந்தா) பாலா (விலகிய பந்தா) என்ற அம்பயர் தீர்ப்பு தவறு என்று தோன்றினால் பேட்டரோ பிட்சரோ கேட்சரோ அந்த நொடியே தலையைத் தட்டிக் கேட்க வேண்டும், டகவுட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. அலுவலகத்தில் எத்தனை லட்சம் பந்துகளின் தகவல் இருந்தாலும் அந்த இடத்தில் இருபது வயதுப் பையன் தனியாக நிற்கிறான். அவன் கண்ணைப் பழக்கப் போவது நம் கீழ்நிலை அணிகள் இருக்கிற பாம் பீச்சிலோ பியோரியாவிலோ பஸ்ஸில் அவனோடு அலைகிற கோச்தான். அவருக்குச் சம்பளத்தைக் கூட்டுங்கள். உங்கள் ஆய்வாளர்களையும் சீசன் முழுக்க அதே பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். யாரையாவது டிரேடில் கொடுக்கும் முன் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கிஸ்ஸல் பெயரில் விருது கொடுக்கிறீர்கள், சந்தோஷம். அதை வாங்கிய பயிற்சியாளர்களில் இன்னும் எத்தனை பேர் உங்கள் சம்பளப் பட்டியலில் இருக்கிறார்கள்? விட்டுப்போனவர்கள் ஏன் போனார்கள்? இந்த இரண்டுக்கும் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கார்டினல்ஸ் ரசிகன்